ஆங்கில மரபுத்தொடர்களும் அன்றாடப் பேச்சும்



திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மணவாள நகர். விடிந்ததும் அங்கே இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, சென்னைக்கு மின்சார ரயில் பிடிக்க ஓடும் கல்லூரி மாணவர்கள், அலுவலகம் செல்வோர். இன்னொன்று, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் காத்திருக்கும் இளைஞர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கார், செல்போன் தொழிற்சாலைகள். அருகிலேயே காக்களூர் தொழிற்பேட்டை. மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்.

இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. அது இங்கிலீஷ்!

இவர்களில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரி. பாடப்புத்தக ஆங்கிலம் வாசித்தால் புரியும். பரீட்சையில் பாஸ் மார்க்கும் வந்துவிடும். ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சரளமாகப் பேச ஆரம்பித்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிடுகிறது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். சேர்த்துச் சொன்னால் மட்டும் புரியவில்லை. ஏன்?

காரணம் எளிது. ‘கால்’ என்றால் கூப்பிடு. ‘ஆஃப்’ என்றால் நிறுத்து. இரண்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் ‘இன்டர்வியூ கால்டு ஆஃப்’ என்று ஒரு செய்தி வந்தால்? ‘கால்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதிகாலை ரயிலில் கிளம்பிப் போனால், அங்கே கதவு பூட்டியிருக்கும். அதற்கு அர்த்தம் ரத்து செய்யப்பட்டது என்பது. ‘புட் ஆஃப்’ என்றிருந்தால் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு சின்னச் சொல் மாறியதில் ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் போய்விடும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘அவன் என்னைக் கை கழுவிட்டான்’ என்றால் யாரும் சோப்பைத் தேடுவதில்லை. ‘கம்பி நீட்டிட்டான்’ என்றால் இரும்புக் கடை ஞாபகம் வருவதில்லை. ‘காது குத்தாதே’ என்றால் ஆசாரியைக் கூப்பிடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து தமிழ் படிக்க வந்தவர் அகராதியை வைத்துக்கொண்டு இவற்றைப் புரிந்துகொள்ள முயன்றால் என்ன பாடுபடுவாரோ, அதே பாட்டைத்தான் இங்குள்ள மாணவர் ஆங்கிலத்தில் படுகிறார். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, இதற்கு மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? ‘ஆயிரம் மரபுத்தொடர்கள்’ என்கிற மாதிரி ஒரு தடித்த புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள். முதலில் வருவது பெரும்பாலும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’. பெருமழை என்று அர்த்தம். இன்று ஆங்கிலேயர் வாயிலேயே இது அரிதாகத்தான் வருகிறது. ‘இட்ஸ் ரெயினிங் ஹெவிலி’ என்றால் போதும். பூனையும் நாயும் தேவையில்லை!

அடுத்தது ‘கிக் தி பக்கெட்’. அர்த்தம் என்ற இடத்தில் ‘இறந்து போதல்’ என்று போட்டிருக்கும். அதை நம்பி மேலதிகாரியின் தந்தை இறந்ததற்கு அனுதாபம் தெரிவிக்கும் கடிதத்தில் எழுதினால் என்ன ஆகும்? துக்க வீட்டில் போய் ‘உங்கப்பா மண்டையைப் போட்டுட்டாராமே’ என்று கேட்ட கதைதான். தமிழில் தவறிவிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்று இடத்துக்குத் தகுந்த சொல் இருப்பது போல ஆங்கிலத்தில் ‘பாஸ்டு அவே’ இருக்கிறது. அர்த்தம் தெரிந்தால் பாதிதான் தெரிந்தது. யாரிடம், எந்த இடத்தில் சொல்லலாம் என்பது மீதிப் பாதி.

அப்படியானால் எதைத்தான் படிப்பது?

தினமும் காதில் விழுவதைப் படிக்க வேண்டும். தொழிற்பேட்டைகளில் ஆங்கில மரபுத்தொடர்கள் டீ, பன் மாதிரி சாதாரணமாகப் புழங்குகின்றன. வேலை தேங்கி நிற்கும் இடம் ‘பாட்டில்நெக்’. அளவெடுக்காமல் அனுபவத்தில் போடும் கணக்கு ‘ரூல் ஆஃப் தம்ப்’. உண்மையான ஓட்டத்துக்கு முன் பார்க்கும் ஒத்திகை ‘டிரை ரன்’. இவற்றில் சில உயிர் காக்கும் சொற்களும்கூட. ஒரு தொழிற்சாலையில் இப்படி ஓர் உரையாடல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பி, நேத்து கிரேன்லேர்ந்து கொக்கி கழண்டு விழுந்துச்சே... நியர் மிஸ் எழுதிக் குடுத்தியாப்பா?”

“இல்லண்ணே. யார் மேலயும் படலியே. அதான் எழுதல.”

“அட, படாததாலதான்யா அது நியர் மிஸ்! பட்டிருந்தா ஆக்சிடென்ட் ரிப்போர்ட்ல்ல எழுதணும்?”

மயிரிழையில் தப்பிய விபத்துக்குப் பெயர் நியர் மிஸ். அதை எழுதிக் கொடுத்தால்தான் கொக்கியைச் சரிசெய்வார்கள். எழுதாவிட்டால் அடுத்த முறை அது ஒருவர் தலையில் விழலாம். இந்த இரண்டு சொல்லைப் புரிந்துகொள்வது, ஆயிரம் அலங்காரத் தொடர்களைவிட முக்கியமா இல்லையா?

நேர்முகத் தேர்விலும் அப்படித்தான். கடைசியில் ‘வி வில் கெட் பேக் டு யூ’ என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதேதான். கடிதம் வரலாம், வராமலும் போகலாம். இது புரியாமல் வேலை கிடைத்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டு, வேறு இடத்தில் முயற்சி செய்யாமல் காத்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

இனி முக்கியமான விஷயம். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வழி எங்கே இருக்கிறது தெரியுமா? தமிழ் இலக்கண வகுப்பில்!

பள்ளியில் மரபுப் பிழை நீக்கி எழுதச் சொல்வார்கள். சோறு உண்டான், பால் பருகினான், முறுக்குத் தின்றான், கூடை முடைந்தான், சுவர் எழுப்பினான். இது வினைமரபு. யானை பிளிறும், சிங்கம் முழங்கும். இது ஒலிமரபு. தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். எந்த உயிரின் குட்டியை எந்தப் பெயரால் அழைப்பது என்று அதில் வகுத்துச் சொல்லியிருக்கிறது. ஏன் அப்படி என்று கேட்டால் காரணம் கிடையாது. பெரியவர்கள் அப்படி வழங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் இதே கதை. தவறு செய்வது ‘மேக் எ மிஸ்டேக்’. வீட்டுப்பாடம் செய்வது ‘டூ ஹோம்வொர்க்’. தமிழில் இரண்டும் ‘செய்’தான். ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் கூடை எழுப்பினான், சுவர் முடைந்தான் என்பது போல இருக்கும். மணவாள நகர் டீக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்கிறவர் ஒரு நாளும் ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ என்று கேட்பதில்லை. இரண்டுக்கும் வலிமை என்றுதான் அர்த்தம். ஆனால் டீயோடு சேருவது ஸ்ட்ராங் மட்டும்தான். ஆங்கிலச் சொல்மரபை அவர் தன்னை அறியாமலே சரியாகச் சொல்கிறார்!

சொற்களுக்குள் இருக்கும் இந்தக் கூட்டாளித்தனத்தை ஆங்கில மொழியியலில் ஒரு கொள்கையாக நிறுத்தியவர் ஜே.ஆர்.ஃபர்த். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், முதலில் கற்க வேண்டிய சுமார் 2000 சொற்களைப் பொறுக்கி எடுத்து 1953ல் பட்டியலாக வெளியிட்டார். 1924ல் ஜப்பானுக்கு ஆசிரியராகப் போன ஏ.எஸ்.ஹார்ன்பி, அயல்மொழி மாணவர்களுக்கென்று நண்பர்களுடன் சேர்ந்து ஓர் அகராதி தயாரித்தார். 1942ல் டோக்கியோவில் வெளிவந்த அந்த அகராதிதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஆனது.

மூன்று பேருமே ஆசியாவின் வகுப்பறைகளில் பாடம் நடத்தியவர்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த அகராதி பிறந்ததே ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவருக்காகத்தான். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பொருளைப் பார்த்த கையோடு, அந்த வாக்கியங்களையும் பார்ப்பது பெரிய லாபம்.

இன்னொரு குழப்பம், இந்திய ஆங்கிலம். ‘பாஸ்டு அவுட் இன் 2019’ என்றால் இங்கே அந்த வருடம் பட்டம் முடித்ததாக அர்த்தம். வெளிநாட்டவர் காதில் அது மயங்கி விழுந்ததாகக் கேட்கும். ‘கிராஜுவேட்டட்’ என்றால் இரண்டு பக்கமும் புரியும். அதற்காக இந்திய வழக்கெல்லாம் தப்பு என்று ஒதுக்க வேண்டியதில்லை. முன்கூட்டி வைப்பதைச் சொல்லும் ‘பிரிபோன்’ இங்கே பரவிய சொல். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. கேட்பவர் யார் என்று பார்த்துப் பேசினால் போதும்.

ஓசையை வைத்து அர்த்தம் ஊகிப்பதும் ஆபத்து. ‘கறி’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு ‘கரி’ போனது பலருக்கும் தெரியும். ஆனால் ‘கரி ஃபேவர்’ என்றால் கறி விருந்து வைப்பது அல்ல! குதிரையைத் தேய்த்துவிடும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த தொடர் அது. காக்கா பிடிப்பது என்று அர்த்தம்.

தமிழிலிருந்து போன இன்னொரு சொல் ‘பரையா’. ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் அதைச் சாதாரணமாக எழுதுகின்றன. சொல்வளப் பட்டியல்களிலும் வரும. ஒரு சமூகத்தின் பெயரை இழிவுச் சொல்லாக்கிய வரலாறு அதற்குள் இருக்கிறது. கண்ணில் பட்டால் புரிந்துகொள்ள வேண்டும். வாயில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எல்லாச் சொல்லும் பயன்படுத்தத் தக்கவை ஆகிவிடாது.

சரி, பழகுவது எப்படி? செலவில்லாத நான்கு வழிகள்:

1. தனிச் சொல்லை எழுதாமல், கேட்ட முழு வாக்கியத்தை நோட்டில் எழுதுங்கள். யார், எங்கே, எதற்காகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

2. பக்கத்தில் தமிழில் பொருள் மட்டும் போதாது. அதற்கு இணையான தமிழ் வழக்கைத் தேடுங்கள். கரி ஃபேவருக்குக் காக்கா பிடிப்பது கிடைத்த பிறகு அது மறக்கவே மறக்காது.

3. வாரத்துக்கு மூன்று போதும். வருடத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டிவிடும். ஆயிரத்தை ஒரே மாதத்தில் விழுங்கினால் அஜீரணம்தான் மிஞ்சும்.

4. அந்த மூன்றையும் அந்த வாரமே யாரிடமாவது பேசிவிடுங்கள். ரயிலில் நண்பனிடம் பேசினாலும் சரி.

ஆங்கிலம் என்றால் பகட்டான சொற்கள் என்று நினைப்பவர்கள் ஆர்.கே.நாராயணை ஒரு முறை படித்துப் பார்க்கலாம். 1906ல் சென்னையில் பிறந்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் வீட்டில் வாசித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தவர். 1935ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே மால்குடி என்ற ஊர் பிறந்துவிட்டது. அந்த ஊரை உலகம் முழுக்க அறிந்தது எளிய சொற்களில். அகராதியைப் புரட்டாமலே பல பக்கங்களைக் கடக்கலாம்.

கடைசியாக ஒன்று. யாராவது தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசும்போது பக்கத்தில் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வேலை தெரிந்தும், ஒரு கேள்வி கேட்கத் தயங்கியே பின்தங்கிப் போகிறார்கள். புரியாதபோது ‘வாட் டஸ் தட் மீன், சார்?’ என்று கேட்டுவிடுவது பெரிய தைரியம். எந்த மரபுத்தொடரும் தெரியாதவருக்கும் முதலில் தேவைப்படும் வாக்கியம் அதுதான். அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை!

முயன்று பாருங்கள். வாழ்த்துக்கள்!