புறா சுமந்த காகிதம்



போர்க்களத்திலிருந்து வீரர்கள் வீட்டுக்கு எழுதிய பழைய கடிதங்களை, அதிலும் படம் அச்சிட்ட தாள்களில் எழுதியவற்றைச் சேர்த்து வருகிறேன். விசுவாசிக்கு இது என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இப்படிப்பட்ட தாள்களும் உறைகளும் ஏராளமாய் அச்சாயின. கொடி, கழுகு, பீரங்கி, எதிரியைப் பரிகசிக்கும் கேலிச்சித்திரம் என்று ஆயிரக்கணக்கான வகைகள். நியூயார்க்கில் சார்லஸ் மேக்னஸ் என்பவர் நகரங்களையும் பாசறைகளையும் கல்லச்சில் பதித்து, வண்ணம் தீட்டி விற்றார். அவை கண்ணைப் பறிக்கும். விலையோ நம்மைப் போன்றோருக்கு எட்டாது!

என் உள்ளத்தை அசைத்தது வேறொரு எளிய தாள். 1861 நவம்பரில் ஒய்.எம்.சி.ஏ. சகோதரர்கள் நியூயார்க்கில் கூடி, கிறிஸ்டியன் கமிஷன் என்னும் ஊழியத்தை ஏற்படுத்தினார்கள். பிலதெல்பியா வணிகரான ஜார்ஜ் ஸ்டூவர்ட் அதன் தலைவர். அதன் ஊழியர்கள் வேதாகமப் பகுதிகளோடும் கைப்பிரதிகளோடும் எழுதுதாள்களையும் உறைகளையும் இலவசமாய் வழங்கினார்கள். அத்தாளின் தலைப்பில் கடிதம் சுமந்து பறக்கும் புறா. கூடவே, செய்திக்காகக் காத்திருப்போரிடம் விரைந்து போ என்று அந்தத் தாளையே அனுப்பிவைக்கும் சில வார்த்தைகள். காயப்பட்டு எழுத இயலாதோருக்காக ஊழியர்களே அருகில் அமர்ந்து எழுதினார்கள். தூரதேசத்து நற்செய்தியைக் குளிர்ந்த தண்ணீருக்கு ஒப்பிட்ட ஞானியின் வாக்கை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்.

என்னிடமுள்ள புறாத்தாளில் ஒருவன் தன் தாய்க்குப் பென்சிலால் எழுதியிருக்கிறான். இறுதியில் 'உமது மகன்' என்பதோடு சரி. குடும்பப் பெயரையும் ஊரையும் தாங்கியிருந்த உறை இல்லை. சேகரிப்போரில் பலர் படத்துக்காகவும் தபால் முத்திரைக்காகவும் உறையை வாங்கிக்கொண்டு, உள்ளிருந்த கடிதத்தைத் தனியே விட்டுவிடுகிறார்கள். இதை நான் கொடுமை என்றே சொல்லுவேன். அந்த மகன் வீடு திரும்பினானா என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை.

பிழைப்புக்காக மும்பைக்கும் டெல்லிக்கும் வந்த உங்கள் பெட்டியிலும் அம்மாவின் இன்லண்டு கடிதங்கள் இருக்குமே. அதில் விலாசமும் செய்தியும் ஒரே தாளில் இருப்பது ஒரு நன்மை. அவற்றை லேமினேட் செய்யாதீர்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் மை மங்கிவிடும். யார், யாருக்கு, எந்த ஆண்டு எழுதியது என்பதைத் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள்.