கப்பலேறிய பாட்டுகள்

கல்கத்தாவுக்குப் போகிற தமிழர்களின் பட்டியலில் காளி கோயில் இருக்கும், பேலூர் மடம் இருக்கும், விக்டோரியா மண்டபம் இருக்கும். புத்தகப் பித்து உள்ளவர்கள் காலேஜ் தெருவைச் சேர்த்துக்கொள்வார்கள். சங்கீதப் பிரியர்கள் தாகூர் பிறந்த ஜோராசாங்கோவுக்குப் போய்விட்டு வருவார்கள். கிடர்பூர் எவர் பட்டியலிலும் இருக்காது. கேட்டால், "அது துறைமுகப் பக்கம், அங்கே என்ன இருக்கிறது?" என்பார்கள் உள்ளூர்க்காரர்களே.

என்ன இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம்தான். ஏனென்றால் கிடர்பூரின் விசேஷம் அங்கே இருப்பதில் இல்லை. அதன் வழியாக வந்ததிலும் போனதிலும்தான் இருக்கிறது. இந்த நகரத்தின் கலாசாரம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் வடக்கே செல்வந்தர்களின் மாளிகைகளிலும் மையத்தில் அரங்குகளிலும் வளர்ந்தது. கிடர்பூர் வழியாகப் பயணம் செய்த சங்கீதம் அப்படிப்பட்டதல்ல. அதைச் சுமந்துவந்தவர்களும் சுமந்துபோனவர்களும் பெரும்பாலும் தம் விருப்பத்தின்பேரில் பயணம் செய்தவர்கள் அல்லர்.

எஸ்பிளனேடிலிருந்து பஸ் பிடித்தால் மைதானத்தின் பச்சை முடிந்து, குதிரைப் பந்தயத் திடலும் ஹேஸ்டிங்ஸும் கழிந்து, ஆதி கங்கை என்ற பெயருக்குப் பொருந்தாத கறுப்புக் கால்வாயின் மேலுள்ள பாலத்தைக் கடந்ததும் கிடர்பூர். தெற்கே டயமண்ட் ஹார்பர் சாலை. மேற்கே, துறைமுகத்தையும் கார்டன் ரீச்சையும் நோக்கிப் போவது கார்ல் மார்க்ஸ் சரணி. முன்பெல்லாம் டிராமிலேயே போகலாம். கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் ஓடியதே எஸ்பிளனேடுக்கும் கிடர்பூருக்கும் இடையில்தான், 1902 மார்ச் 27ஆம் தேதி. (சென்னை இதில் முந்திக்கொண்டது. அங்கே 1895லேயே மின்சார டிராம் வந்துவிட்டது. 1953ல் போயும் விட்டது.) மைதானத்து மரங்களுக்கு நடுவே போன அந்தத் தடம் 2020 மே மாதம் ஆம்பன் புயலில் சேதமடைந்தது. பிறகு அதில் டிராம் ஓடவில்லை.

ஊரின் பெயருக்கே இரண்டு கதைகள். இங்கே கப்பல் கட்டிய ஜேம்ஸ் கிட் என்பவரின் பெயரால் வந்தது என்பது ஒன்று. நீர்வழிப் பயணிகளைக் காப்பவராக முஸ்லிம்கள் நம்பும் க்வாஜா கிஸ்ரின் பெயரால் வந்தது என்பது மற்றது. எது சரியானாலும் தண்ணீரையும் படகையும் விட்டு இந்தப் பெயர் விலகவில்லை.

கிடர்பூரின் கதையில் 1856 முக்கியமான வருடம். அந்த ஆண்டு இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

முதலாமவர் வந்தது சென்னையிலிருந்து. மைக்கேல் மதுசூதன் தத்தரின் தந்தை கல்கத்தாவில் வழக்கறிஞர். குடும்பம் வசித்தது கிடர்பூரில். இந்து கல்லூரி மாணவராயிருந்த மகன் 1843ல் கிறிஸ்தவரானார். வீட்டு உறவு கசந்தது. 1848ல் சென்னைக்கு வந்து அநாதைச் சிறுவர் பள்ளியில் ஆசிரியரானார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார். ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை 1849ல் சென்னையிலேயே அச்சிட்டார். ஹீப்ரு, கிரேக்கம், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று மணிக்கணக்குப் போட்டுப் படித்ததும் இங்கேதான். எட்டு ஆண்டுகள் கழித்து, தந்தை இறந்த செய்தி அறிந்து, 1856 பிப்ரவரியில் திரும்பினார். கிடர்பூர் சொத்துக்கு உறவினர்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாண்டு கழித்து, இந்திரஜித்தைக் கதாநாயகனாக்கிய 'மேகநாத வத காவியம்' வெளிவந்தது. வங்கக் கவிதை அதன் பிறகு பழையபடி இருக்கவில்லை. அவர் நினைவாகவும் இவ்வட்டாரத்தோடு தொடர்புள்ள ரங்கலால், ஹேமசந்திரர் ஆகிய கவிஞர்களின் நினைவாகவும் ஒரு தெருவுக்குக் கவிதீர்த்த சரணி என்று பெயர். ஆனால் மதுசூதனர் வாழ்ந்த வீடு எது என்ற சர்ச்சை நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இரண்டாமவர் வந்தது லக்னோவிலிருந்து. அயோத்தி நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தை 1856 பிப்ரவரியில் கம்பெனி பறித்துக்கொண்டது. மே மாதம் அவர் கல்கத்தா வந்து இறங்கினார். லண்டனுக்குப் போய் ராணியிடம் முறையிடுவது திட்டம். அவரால் போக முடியவில்லை, தாயார்தான் போனார். அடுத்த ஆண்டு கலகம் வெடித்ததும் நவாபை வில்லியம் கோட்டையில் அடைத்தார்கள். 1859ல் வெளியே வந்தவர், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் உபகாரச் சம்பளத்தை வைத்துக்கொண்டு, கிடர்பூருக்கு மேற்கே மெட்டியாபுரூஸில் ஒரு குட்டி லக்னோவையே கட்டினார். மாளிகைகள், இமாம்பாரா, மிருகக் காட்சிசாலை, சமையல்காரர்கள், தையல்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், பாடகர்கள், ஆடுகிறவர்கள்! லக்னோவின் பண்பாட்டைப் பற்றிப் பின்னாளில் புகழ்பெற்ற உருது நூலை எழுதிய அப்துல் ஹலீம் ஷரர் சிறுவயதில் வளர்ந்தது இந்த மெட்டியாபுரூஸில்தான்.

துமரிக்கும் கதக்குக்கும் கல்கத்தாவில் பெரிய ரசிகர் கூட்டம் உண்டானதில் இந்தத் தர்பாருக்கு முக்கியப் பங்கு உண்டு. நவாபே பாட்டு எழுதுவார், ஆடுவார், நாட்டிய நாடகம் போடுவார். வங்க ஜமீன்தார்கள் அவர் சபைக்கு வந்து கேட்டார்கள். தங்கள் வீடுகளுக்கும் அந்தக் கலைஞர்களை அழைத்தார்கள். அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் 'பாபுல் மோரா' துமரி, தகப்பன் வீட்டை விட்டுப் போகும் மணப்பெண்ணின் குரலில் ஊரை விட்டுப் போகும் வேதனையைச் சொல்வது. நம் சிந்துபைரவிக்கு நெருக்கமான ஹிந்துஸ்தானி பைரவியில் பாடப்படுவது. 1938ல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் எடுத்த 'ஸ்ட்ரீட் சிங்கர்' படத்தில் கே.எல். ஸைகல் தெருவில் நடந்துகொண்டே இதைப் பாடினார். அரியணை இழந்த நவாபின் பாட்டு அத்துடன் தெருவோர மனிதனின் பாட்டாகி, நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

1887ல் நவாப் இறந்ததும் பிரிட்டிஷ் அரசு அவருடைய சொத்துக்களை ஏலம் விட்டது. மாளிகைகள் இடிபட்டன. அவர் அடக்கமான சிப்தைனாபாத் இமாம்பாரா மிஞ்சியது. பிரியாணியில் உருளைக்கிழங்கு மிஞ்சியது. தையல் தொழில் மிஞ்சியது மட்டுமல்ல, பெருகியும் விட்டது. மெட்டியாபுரூஸின் ஆயத்த ஆடைகள் இன்று வெகுதூரம் போகின்றன. சத்யஜித் ராய் 1977ல் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' நவாப் ராஜ்யம் இழப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கல்கத்தாவில் அவர் வாழ்ந்த 31 ஆண்டுகள் திரைக்கு வெளியே நின்றுவிட்டன.

நவாப் இங்கே துமரி கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஆற்றங்கரையில், வேறொரு கூட்டம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் திரட்டப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். 1834ல் மொரீஷியஸ், 1838ல் பிரிட்டிஷ் கயானா, 1845ல் டிரினிடாட், 1873ல் சுரிநாம், 1879ல் ஃபிஜி என்று கல்கத்தாவிலிருந்து கப்பல்கள் கிளம்பின. கயானாவுக்கு மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 39 ஆயிரம் பேர் போனார்கள். புறப்படும்வரை அவர்களை அடைத்துவைத்த முகாம்கள் கிடர்பூர், கார்டன் ரீச் கரைகளில் இருந்தன. ஹூக்ளிக் கரையில் இன்றும் சுரிநாம் படித்துறை என்று ஓர் இடம் உண்டு.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அந்த ஜனங்களின் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. கையெழுத்திட்டவர் 'கிர்மிட்டியா' ஆனார். படிக்கத் தெரியாத ஒப்பந்தத்துக்கு, அதில் கைநாட்டு வைத்தவர்கள் கொடுத்த பெயர் அது. கப்பலில் சாதி, ஊர் எல்லாம் கலைந்து, ஒன்றாகப் பயணம் செய்தவர்கள் 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர் ஆனார்கள்.

தமிழர்களுக்கு இது அந்நியக் கதை அல்ல. 1903லிருந்து சென்னையிலிருந்தும் ஃபிஜிக்குக் கப்பல் போயிற்று. சுமார் 15 ஆயிரம் பேர் போனார்கள். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுதது நமக்குத் தெரியும். கல்கத்தாவிலிருந்து அதே தீவுக்குப் போனவர்கள் அதைப்போல மூன்று மடங்கு.

மூட்டையில் அவர்கள் எடுத்துப்போனது மிகக் குறைவு. ஆனால் கப்பலில் மேளமும் பாட்டும் அனுமதிக்கப்பட்டன. மாதக்கணக்கான பயணத்தில் ஆட்கள் மனமுடைந்து சாகாமல் இருக்க இது உதவும் என்பது அதிகாரிகளின் கணக்கு. டோலக்கும் போஜ்புரிக் கல்யாணப் பாட்டுகளும் இப்படித்தான் கடல் கடந்தன. கல்யாணத்துக்கு முந்தைய இரவில் பெண்கள் தங்களுக்குள் பாடும் கேலிப் பாட்டுகள் கரீபியத் தோட்டங்களில் தங்கிப்போயின. சுரிநாமில் ராம்தேவ் சைத்தோ 1958ல் இசைத்தட்டு வெளியிட்டார். டிரினிடாடில் சுந்தர் போபோ 1970ஐ ஒட்டிப் பாட்டியும் தாத்தாவும் குடித்துக் கும்மாளமிடும் பாட்டைப் பாடிப் பிரபலமானார். ஆப்பிரிக்க வழி வந்த ஸோக்காவுடன் கலந்து, 1980களில் 'சட்னி ஸோக்கா' என்று புதுப் பெயரும் சூட்டப்பட்டது. பெயரைப் பாருங்கள், நம் சட்னியேதான்!

அதே 1980களில் பம்பாயின் பாப்லா-காஞ்சன் ஜோடி சுந்தர் போபோவின் பாட்டுகளை மறுபடி பாடி கேஸட்டாக வெளியிட்டது. கல்கத்தாவில் கப்பலேறிப் போன பாட்டு நூறு வருடம் சுற்றிவிட்டு இந்தியக் கேஸட் கடைகளுக்குத் திரும்பியது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது எந்தக் கரையிலிருந்து கிளம்பியது என்று தெரிந்திருக்கும்?

கேஸட் என்றதும் கிடர்பூரின் இன்னொரு முகம் நினைவுக்கு வருகிறது. 1892ல் இங்கே கப்பல்துறை திறந்தபின் மாலுமிகளும் சுமை தூக்குபவர்களும் நிரம்பிய பேட்டையாயிற்று இது. கல்கத்தா வழியாக ஏற்றுமதியான சரக்குகளில் அரக்கும் ஒன்று. அந்நாளைய இசைத்தட்டுகளுக்கு அரக்குதான் அடிப்படை. 1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகள் நாடெங்கும் போயின. அவர் தாயார் மல்கா ஜான் மெட்டியாபுரூஸ் தர்பாரில் பாடியவர் என்பார்கள். மகளின் வாழ்க்கை 1930ல் மைசூரில் முடிந்தது. நவாபின் சபையிலிருந்து தென்னிந்திய அரண்மனை வரை ஒரே கோடு போட முடிகிறது!

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் சென்னைக்கு பர்மா பஜார் எப்படியோ, கல்கத்தாவுக்குக் கிடர்பூரின் ஃபேன்ஸி மார்க்கெட் அப்படி. டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், காலி கேஸட் எல்லாம் அங்கே கிடைக்கும். நடுத்தர வர்க்கம் ரசீது கேட்காமல் வாங்கிக்கொண்டு, அந்த இடத்தைக் கடத்தல்காரர்களின் பேட்டை என்று திட்டவும் செய்தது. அதில் வாங்கிய டேப் ரெக்கார்டரில்தான் ரவீந்திர சங்கீதமும் ஒலித்தது. 1991க்குப் பின் இறக்குமதி தாராளமானதும் அந்தக் கவர்ச்சி மங்கியது. துறைமுகத்துக்கும் ஆற்றின் வண்டல் எமனாயிற்று. பெரிய கப்பல்கள் ஹால்தியாவோடு நின்றுகொண்டன.

பத்திரிகைகளில் இவ்வட்டாரம் அடிபடுவது பெரும்பாலும் கெட்ட செய்திக்காக. 1984 மார்ச்சில் காவல்துறை துணை ஆணையர் வினோத் மேத்தா கார்டன் ரீச்சில் கொல்லப்பட்டது ஒரு கறுப்பு அத்தியாயம், மறக்கக்கூடியதல்ல. 2025 ஜூனில் கிடர்பூரின் ஆர்ஃபன்கஞ்ச் சந்தையில் தீப்பிடித்து ஏராளமான கடைகள் சாம்பலானபோது மறுபடி செய்தி வந்தது. இடைப்பட்ட நாட்களில் இங்கே வாழ்கிற உருது, போஜ்புரி, வங்காளி ஜனங்கள் என்ன பாடினார்கள், என்ன கேட்டார்கள் என்பது செய்தியாகவில்லை.

நினைவுச்சின்னம்கூடக் கடல் கடந்துதான் வர வேண்டியிருந்தது. கிடர்பூர்க் கரையில் ஒப்பந்தக் கூலிகளுக்கு நினைவுக் கல்வெட்டு 2011ல்தான் வந்தது. அதற்கு முன்னின்றவர்கள் வெளிநாட்டு இந்திய வம்சாவளியினர். 2015 அக்டோபரில் சுரிநாம் படித்துறையில் 'மாய்-பாப்' சிலையை அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் திறந்துவைத்தார். மூட்டையுடன் நிற்கும் ஆணும் பெண்ணும். 'அம்மா-அப்பா' என்று பொருள். மூலச்சிலை இருப்பது சுரிநாமின் தலைநகர் பாராமரிபோவில். இது அதன் பிரதி. அனுப்பிவைத்த ஊர் மறந்ததைப் போய்ச் சேர்ந்த ஊர் நினைவில் வைத்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கல்கத்தாவைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றி அனுப்பிய நாமும் அவர்கள் எடுத்துப்போன தெம்மாங்கையும் தாலாட்டையும் தேடிப் பெரிதாகப் போகவில்லை. சபாக்களின் சரித்திரம் நம்மிடம் இருக்கிறது; படித்துறைகளின் சரித்திரம் இல்லை.

அடுத்தமுறை கல்கத்தா போகிறவர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். சிப்தைனாபாத் இமாம்பாராவில் நவாபின் சமாதியைப் பார்த்துவிட்டு, கார்டன் ரீச் சாலை வழியாகத் திரும்பும்போது சுரிநாம் படித்துறையில் இறங்குங்கள். லக்னோவிலிருந்து பரிவாரத்தோடு வந்தவர் ஒரு பக்கம், கைநாட்டு வைத்துவிட்டு மூட்டையோடு போனவர்கள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.