பற்கூச்சமும் பரம்பரைச் சாபமும்



இம்மாதம் ஒரு சிறிய உபாதையைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். உயிருக்கு ஆபத்தான வியாதியல்ல அது. ஆயினும் ஆராதனையில் என் வாயை அடைத்துப்போட்டது அதுவே. ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பதியில் குடியேறியவன் நான். மார்கழி மாதத்தில் ஒருநாள், அதிகாலை ஜெபக்கூட்டத்தில் பாடுவதற்காக வாயைத் திறந்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போனதும் இடதுபக்க மேல்பற்களில் மின்னல் வெட்டியதுபோல ஒரு வலி! ஒரு நொடியில் மறைந்தாலும், அடுத்த மூச்சில் மறுபடியும் வந்தது. அன்றுமுதல் பல வாரங்கள் கைகளை மாத்திரம் தட்டிக்கொண்டு, உதடுகளை மூடி நின்றேன். சபை மூப்பர் ஒருவர், "தம்பி, ஆவியில் அனல் குறைந்துவிட்டதோ?" என்று அன்போடு விசாரித்தார். பல் கூசுகிறது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலைகுனிந்தேன்.

சித்தூரிலிருந்து வந்திருந்த என் அக்காவிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர்களோ, "அப்பாவுக்கும் இப்படித்தான் கூசும். தாத்தாவுக்கு ஐம்பது வயதிலேயே பல் போய்விட்டது. இது பரம்பரைச் சாபம், உபவாசித்து முறிக்கவேண்டும்" என்றார்கள். அதைப் பாதி நம்பினேன். மறுவாரமே பன்னிரண்டு வயதுள்ள என் மகன், ஐஸ் வைத்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கூசுகிறது அப்பா" என்றபோது என் உள்ளம் கலங்கியது. என் பிள்ளைக்கும் இது வந்துவிட்டதோ?

அன்றிரவு எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். தகப்பன்மார் புளிப்பான திராட்சக்காயைத் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசுகின்றன என்னும் பொருளில் இஸ்ரவேலர் வழங்கிவந்த ஒரு பழமொழி அங்கே வருகிறது. எரேமியாவின் புஸ்தகத்திலும் அது உண்டு. அந்தப் பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்பதே தேவனுடைய கட்டளை. பலமுறை வாசித்த பகுதிதான். அன்றோ அது என்னை ஒரு கேள்வியில் நிறுத்தியது: நான் தின்ற திராட்சக்காய் எது?

மகனையும் அழைத்துக்கொண்டு பல் வைத்தியரிடம் போனேன். அந்தச் சகோதரி என் பற்களின்மேல் மெல்லக் காற்றை ஊதி, "ஜிவ்வுமண்டுந்தா?" என்று தெலுங்கில் கேட்டார். ஒரே சொல்லில் என் வேதனை முழுவதும் அடங்கிவிட்டது! பின்பு என் கையில் ஒரு பிரஷைக் கொடுத்துத் துலக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நீங்கள் பல் துலக்கவில்லை, பாத்திரம் தேய்க்கிறீர்கள்" என்று சிரித்தார். என் உணவு வழக்கங்களையும் விசாரித்தார். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீரும் குடியாமல் உபவாசிப்பதையும், மாலையில் எலுமிச்சைச் சாற்றால் அதை முடிப்பதையும், உடனே கடினமான பிரஷால் பல் துலக்கிவிட்டுக் கூட்டத்துக்கு ஓடுவதையும் சொன்னேன். "காரணம் கிடைத்துவிட்டது" என்றார்.

அவர் விளக்கியதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது. பல்லின் மேலுறையாகிய எனாமலுக்கு உணர்ச்சியில்லை. அதன்கீழுள்ள டென்டின் என்னும் பகுதியிலோ, ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள் உண்டு. அவற்றில் நீர்மம் நிறைந்திருக்கிறது. எனாமல் தேய்ந்தோ, ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டோ அந்தக் குழாய்கள் திறந்துகொண்டால், குளிரும் காற்றும் இனிப்பும் அந்த நீர்மத்தை அசைக்கின்றன. அந்த அசைவு உள்ளேயிருக்கும் நரம்பை எட்டுவதே கூச்சம். சுவீடன் தேசத்து வைத்தியர் பிரன்ஸ்ட்ரோம் 1960-களில் ஆய்ந்து நிலைநாட்டிய இந்த விளக்கத்தையே இன்றும் வைத்தியர்கள் ஏற்கிறார்கள்.

புளிப்பு எனாமலை இளக்குகிறது. எலுமிச்சை மட்டுமா? எங்கள் சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புகளில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் கிளிமூக்கு மாங்காயும், புளியும், பாட்டில் குளிர்பானமும் அப்படியே. வாயில் ஊறும் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து எனாமலை மீண்டும் உறுதிப்படுத்தும். தண்ணீரும் குடியாத உபவாச நாளிலோ உமிழ்நீர் குறைவு. அந்நேரத்தில் புளிப்பைக் குடித்து, உடனே பிரஷால் அழுத்தித் தேய்த்தால், இளகிய எனாமலை நாமே சுரண்டி எடுக்கிறோம். ஒருமுறை தேய்ந்துபோன எனாமல் திரும்ப வளருவதில்லை.

இன்னும் சில காரணங்களும் உண்டு: தூக்கத்தில் பல்லைக் கடித்தல், ஈறு நோய், பல்லில் விரிசல், இரைப்பை அமிலம் மேலேறி வருதல், பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை. சிலருக்குப் பிறவியிலேயே எனாமல் குறைபாடு இருப்பதுண்டு. அதற்கும் வைத்தியம் உண்டு.

என் மகனுக்கோ சொத்தை! கடைவாய்ப் பல்லில் சிறு குழி. அன்றே சுத்தம் செய்து அடைத்தார், கூச்சம் நின்றது. என் தகப்பனாரைப் பற்றியும் வைத்தியர் கேட்டார். அவர் செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் கொண்டு பல் தேய்த்தவர் என்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலைமுறையாக எங்கள் வீட்டில் இறங்கிவந்தது சாபமல்ல, பழக்கம். அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று தாத்தா அப்பாவுக்குக் கற்பித்தார். அப்பா எனக்குக் கற்பித்தார். நான் என் மகனுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை எளியது. மிருதுவான பிரஷ். காலையும் இரவும் இரண்டு நிமிடம், அழுத்தாமல், சிறு வட்டமாகத் துலக்குதல். புளிப்பு உண்டபின் வெறும் தண்ணீரால் கொப்பளித்து, அரைமணி முதல் ஒரு மணிநேரம் கழித்தே துலக்குதல். உபவாசத்தை எலுமிச்சைக்குப் பதிலாகத் தண்ணீராலோ மோராலோ முடித்தல். கூச்சத்துக்கான பற்பசையை உபயோகித்தல். இப்பசைகள் பலவற்றில் ஐந்து சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது. நம் முன்னோர் வெடியுப்பு என்றார்களே, அதுதான். அது நரம்பின் பதற்றத்தை அடக்குகிறது. வேறு சில பசைகள் குழாய்களின் வாயை அடைக்கின்றன. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, அதிகம் கொப்பளிக்காமல் விடவேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலன் தெரியும். நிறுத்தினால் கூச்சம் திரும்பலாம். இதிலும் குறையாவிட்டால் வைத்தியர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார், அல்லது தேய்ந்த இடத்தைப் பல்நிறப் பூச்சால் மூடுவார். வேர்ச்சிகிச்சை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

ஆனால் கவனியுங்கள். குளிர் நீங்கியபின்னும் வலி நெடுநேரம் நின்றால், தானாகவே வலித்தால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், வீக்கம் கண்டால், அது வெறும் கூச்சமல்ல. பற்பசையை நம்பி நாட்களைக் கடத்தாமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். கிராம்புத் தைலம் சற்றுநேரம் மரத்துப்போகச் செய்யும்; காரணத்தை நீக்காது. புகையிலையை வைத்து அடக்குவது ஈறையும் கெடுத்து, வாய்ப்புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். திருப்பதியில் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. சித்தூரில் இருப்போருக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிக தூரமல்ல.

பிரியமானவர்களே, நான் ஜெபிப்பதை விட்டுவிடவில்லை. பவுலோடு கூடவிருந்த லூக்காவும் ஒரு வைத்தியன்தானே! வைத்தியரிடம் செல்வது அவிசுவாசம் என்று எண்ணி வலியை மறைக்காதிருங்கள். உங்கள் சபையில் பாடாமல் நிற்பவரைக் கண்டால், அனல் குறைந்ததோ என்று கேட்குமுன், "வலிக்கிறதா?" என்று கேளுங்கள்.

ஐந்தாவது வாரத்து அதிகாலைக் கூட்டத்தில் குளிர்காற்று அப்படியேதான் வீசியது. பாட்டின் முதல் அடியைப் பயத்தோடும், இரண்டாம் அடியை முழுக்குரலோடும் பாடினேன். என் அருகே என் மகனும் பாடினான். இப்பொழுது இருவரும் மெதுவாகத் துலக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இதுவும் அவன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சுதந்தரமாகட்டும்.

கர்த்தர் தாமே உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நல்ல சுகத்தைக் கட்டளையிடுவாராக. ஆமென்.