மறுபுறமிருந்து எழுதும் எழுத்து

தாமிரபரணிக் கரையில் நம் பெண்களின் கைகள் என்றுமே ஓய்ந்திருந்ததில்லை. பத்தமடையில் ஆற்றோரக் கோரையைக் கீறி, நூல் போல் மெலிதாக்கிப் பாய் நெய்தார்கள். மணமக்களின் பெயரையும் மண நாளையும் அப்பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுத்தார்கள். எங்கள் மேலப்பாளையத்தில் ஒரு காலத்தில் வீடுதோறும் தறி ஓடிற்று. தறி ஓய்ந்தபின் பீடித் தட்டு மடியில் ஏறியது. அந்தக் கைகளுக்கு அண்மைக் காலத்தில் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. தெளிந்த அக்ரிலிக் தகட்டில் வண்ணம் தீட்டும் வேலையே அது. கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் சிலருக்கு இதை நான் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

இது முற்றிலும் புதிய கலையன்று. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமிருந்து பார்க்கும் ஓவியமுறை முஸ்லிம் நாடுகள் பலவற்றிலும் பழகிய ஒன்றே. துருக்கியர் இதைக் 'கண்ணாடிக்குக் கீழ்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வழங்கும் பெயருக்கும் அதுவே பொருள். இந்தோனேசியாவின் சிரெபோன் நகரத்தார் அரபு எழுத்துகளையே சித்திரமாக வளைத்துக் கண்ணாடியில் தீட்டுகிறார்கள். நம் தஞ்சாவூரிலும் இம்முறை செழித்தது. எழுத்தும் கொடியும் பூவுமே போதும் என்று எண்ணும் இல்லங்களுக்கு மிகவும் பொருந்திய கலை இது.

கண்ணாடி இருக்க அக்ரிலிக் எதற்கு என்று கேட்கலாம். 1930களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வணிகப் பொருளாக உருவெடுத்த இந்தத் தகடு, இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கூரையாய் இருந்தது. தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உள்ளே விடும். ஓரடிச் சதுரமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடி ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். அதே அளவுள்ள அக்ரிலிக் 330 கிராம்தான். கீழே விழுந்தால் கண்ணாடியைப் போல் சில்லுச் சில்லாகச் சிதறாது. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆயினும் அதற்கென்று சில குணங்கள் உண்டு. எளிதில் கீறல் விழும். ஆகவே தீட்ட உட்காரும் வரையில் மேலுறையைப் பிரிக்கலாகாது. உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் கொண்டு தூசியை இழுத்துக்கொள்ளும். சிறிது சோப்பு கலந்த நீரும் மென்துணியும் போதும். தின்னர், ஸ்பிரிட் போன்றவை ஆகவே ஆகா. ஒரு கடையில் நம்பி வாங்கிய வண்ணத்தில் தின்னர் கலந்திருந்ததால், ஒரு தகடு முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடிவிட்டன. அன்று முதல், எந்த வண்ணமானாலும் வெட்டிய துண்டொன்றில் தீட்டிப் பார்த்த பிறகே தகட்டில் தொடுகிறோம். சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரிவதால் சட்டத்துக்குள் சிறிது இடைவெளி விடவேண்டும். தீப்பற்றும் பொருளாகையால் அடுப்பங்கரையில் மாட்டக்கூடாது.

தீட்டும் முறைதான் விந்தையானது. காகிதத்தில் முதலில் பின்னணியைப் பூசுவோம், நுணுக்கங்களைக் கடைசியில் வைப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். புள்ளியும் கோடும் எழுத்தும் முதலில், கொடியும் பூவும் அடுத்து, பின்னணி கடைசியில். தீட்டுகிறவர் தகட்டின் பின்னால் இருப்பதால் வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து அவருக்கு இடமிருந்து வலமாக ஓடும். பின்னணி பூசிவிட்டால் எழுத்தின் மேல் திரை விழுந்துவிடும்; அதன்பின் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க இயலாது. ஆகவே பின்னணி பூசுமுன் தகட்டைத் திருப்பி, முன்புறமிருந்து முழுவதும் படித்துப் பார்ப்பதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

இந்தச் சட்டம் எவ்வளவு பெரியது என்பதை எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்று காட்டியது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. அங்கிருந்த என் நாத்தனார் வீட்டிலும் நெஞ்சளவுக்கு நீர் நின்றது. பாத்திரம் பண்டங்கள் போனதைப் பற்றி அவர் அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய காகிதம் போனதற்கே அழுதார்.

என் மாமியாரின் தாயார் தம் கைப்பட எழுதி வைத்த காகிதம் அது. தாம் பெற்ற எட்டுப் பிள்ளைகளின் பெயரையும், பிறந்த ஹிஜ்ரி மாதத்தையும் ஆண்டையும் அரபுத்தமிழில் எழுதியிருந்தார். அந்த எண்மரில் இருவர் பால்குடி மாறாத வயதிலேயே இறந்தவர்கள். அவ்விரு பெயர்களும் இவ்வுலகில் வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மை கரைந்து காகிதம் கூழாகிவிட்டது. நல்லவேளையாக, முன்பொரு திருமணத்தின்போது நாத்தனார் மகன் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தான்.

அந்தப் படத்தைப் பார்த்து அக்ரிலிக் தகட்டில் தீட்டும் வேலையை என்னிடம் பயிலும் ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். காலையில் கல்லூரி, மாலையில் உம்மாவுக்குத் துணையாகப் பீடி சுற்றல், இரவில் தூரிகை என்று பத்து நாட்கள் பாடுபட்டாள். குர்ஆன் ஓதத் தெரிந்தவள்; ஆனால் அரபுத்தமிழ் அறியாதவள். கண்ட வடிவத்தைக் கண்டவாறே தீட்டினாள்.

அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையே அரபுத்தமிழ். அரபியின் 28 எழுத்துகளில் இல்லாத நம் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் வகுத்தார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அதில் நூல்கள் இயற்றினார்கள். பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும் அவற்றை வீட்டில் ஓதி அறிவு பெற்றார்கள். இவ்வெழுத்தில் புள்ளிதான் உயிர். அரபியிலேயே 'ஜமால்' என்று எழுதி ஒரு புள்ளியை விட்டுவிட்டால், அழகு என்னும் சொல் சுமைதூக்குபவர் என்று பொருள்படும் 'ஹம்மால்' ஆகிவிடும்.

எண்பது வயதைக் கடந்த என் மாமியார், சிறுவயதில் தெருவில் ஓதிக்கொடுத்த மூதாட்டி ஒருவரிடம் அரபுத்தமிழ் கற்றவர். எங்கள் குடும்பத்தில் இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. பின்னணி பூசுமுன் வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்துத் தகட்டை அவர் முன் நிறுத்தினோம். விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தவர், ஏழாம் பெயரில் விரலை எடுக்காமல் நின்றுவிட்டார்.

"என்ன மாமி?" என்றேன்.

"இது என் தங்கச்சி பேரு. இந்த இடத்துல ஒரு புள்ளி வேணும்மா. அது இல்லாட்டி இது வேற யாரோ" என்றார்.

கைப்பேசிப் படத்தை விரித்துப் பார்த்தோம். சட்டத்தின் பழைய கண்ணாடியில் விளக்கொளி பட்டுத் தெறித்து, அந்த இடத்தை மட்டும் வெள்ளையாக மறைத்திருந்தது. அப்பெண் பேசாமல் தூரிகையை எடுத்து, மாமி காட்டிய இடத்தில் புள்ளியை வைத்தாள். மறுநாள் அது நன்கு உலர்ந்தபின் கரும்பச்சைப் பின்னணி பூசப்பட்டது. மாமி கேட்டு வாங்கி, தம் சுருக்குப் பையிலிருந்து தாமே அவளுக்குக் கூலி கொடுத்தார்.

இப்போது அப்பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியிடம் வந்து அரபுத்தமிழ் படிக்கிறாள். உடன் இன்னும் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டுப் பெயர்ப் பலகை, திருமணப் பரிசு என்று அவளுக்கு வேலைகளும் வரத் தொடங்கியிருக்கின்றன.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பரணிலும் இவ்வாறான காகிதங்கள் இருக்கக்கூடும். படமெடுக்கும்போது கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அரபுத்தமிழ் அறிந்த முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரை அருகே அமர்த்தி ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்லித் தமிழ் எழுத்திலும் எழுதி வையுங்கள். தகட்டில் தீட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைகளில் அக்ரிலிக் என்றும் கிடைக்கும்.