பழைய அலமாரி வாங்கப் போனேன்

 

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கக்கூடும். புது வீடு கட்டும் பிள்ளைகள் இப்பொழுது பாலிஷ் போட்டுப் பளபளக்கும் மரச்சாமான்களை விரும்புவதில்லை. வெயிலில் காய்ந்து, நிறம் வெளுத்து, சாம்பல் பூத்தாற்போல் நிற்கும் பழைய அலமாரிதான் கூடத்திற்கு அழகு என்கின்றனர். என் மகனும் மருமகளும் அவ்வாறே சொன்னார்கள். மாமல்லபுரம் செல்லும் சாலையோரக் கடையொன்றில் அவர்கள் எனக்குக் காட்டிய அலமாரியின் விலை, என் திருமணத்திற்கு வாப்பா செய்த மொத்தச் செலவைவிட அதிகம். "டச்சுக்காரர் காலத்துச் சாமான், பழவேற்காட்டிலிருந்து வந்தது" என்றார் கடைக்காரர். பழவேற்காடு என் உம்மா பிறந்த ஊர். ஆகவே எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது.

கீழ் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்து, தரையில் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளும் புறமும், அடிப்பலகையும் மூலை முடுக்கும் ஒரே வெளுப்பு. மூட்டுகளின் இடுக்கில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வெயில் இழுப்பறைக்குள் எவ்வாறு நுழைந்தது என்று கேட்டேன். கடைக்காரர் வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கச் சென்றுவிட்டார்.

வெயில் வெளுக்கச் செய்வது மேற்பரப்பை மட்டுமே. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சூரியனின் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. மழையும் பனியும் அதைக் கழுவிச் சென்றபின் எஞ்சும் நார்தான் சாம்பல் வெண்மையாய்த் தெரிகிறது. இழைப்புளியால் ஒருமுறை இழுத்தால் அடியிலிருந்து பழைய நிறம் வந்துவிடும். தேக்கில் மென்மையான பகுதி முதலில் தேய்ந்து, வரிகள் புடைத்து நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். சுவரை ஒட்டி நின்ற பக்கமும், தட்டுகளின் அடியும் பழுப்பாகவே இருக்கும். மருந்து தடவி வெளுத்த மரத்திற்கு இந்த வேறுபாடு எதுவும் கிடையாது. இளம் மரத்தையும் ஒரே வாரத்தில் கிழமரமாக்கிவிடலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாயும் இருந்ததைக் கண்டறிந்து வியாபாரியைக் கண்டித்த செய்தி நம்மில் அநேகருக்குத் தெரியும். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று நம் சட்ட நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அதற்குக் கியாருல் ஐப் என்று பெயர். ஆயினும் திருப்பிக் கொடுக்கும் தொல்லைக்கு முன்பே கையை உள்ளே விட்டுப் பார்ப்பது நமக்கு நல்லதல்லவா?

டச்சுக்காரர் கதையையும் சற்றுப் பார்ப்போம். அவர்கள் பழவேற்காட்டில் காலூன்றியது 1610 வாக்கில். கெல்டிரியா கோட்டை எழுந்தது 1613இல். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினார்கள். 1825இல் ஊர் முற்றாக ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆக, டச்சு அலமாரி என்றால் அதற்குக் குறைந்தது இருநூறு வயது இருக்க வேண்டும். அந்தக் கடை அலமாரியின் கீல்களில் இருந்த திருகாணிகள் கூர்முனை கொண்டவை. கூர்முனைத் திருகாணி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே. அதற்கு முந்தியவை மழுங்கிய முனையுடன் இருக்கும். கீலைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். மாற்றியிருந்தால் பழைய துளைகளை அடைத்த அடையாளம் அருகிலேயே இருக்க வேண்டும், அங்கு இல்லை. மெய்யான டச்சுக் காலத்து மரவேலை கொழும்பு புறக்கோட்டையிலுள்ள டச்சுக் கால அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உண்டு. நம் கரையில் பழையது எல்லாமே டச்சு என்று சொல்லி விற்கப்படுகிறது. அலமாரி என்ற சொல்லோ டச்சுச் சொல்லுமன்று. அதுவும் அதைப் பூட்டும் சாவியும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாம் பெற்றவை. அதற்கு முன் நம் வீடுகளில் இருந்தவை பேழையும் பெட்டகமும்.

கடையை விட்டு வெளியே வந்ததும் மகனிடம் சொன்னேன்: "வெளுத்த மரம்தான் வேண்டுமென்றால் ஏரிக்கரைக்குப் போவோம்."

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் உவர்நீர் ஏரி. இடையில் மீனவர் குப்பங்கள். காற்றில் எந்நேரமும் உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் இரும்பை அரிக்கும். எஃகு பீரோக்கள் வீடுதோறும் புகுந்த காலத்தில் பழவேற்காட்டிலும் மர அலமாரிகள் கூடத்தை விட்டு வெளியேறின. ஆனால் இந்தக் காற்றில் பீரோவின் காலும் அடித்தகடும் துருப்பிடித்து உதிர, வெளியே தள்ளப்பட்ட தேக்கு அலமாரி தாழ்வாரத்தில் அசையாமல் நின்றது. எண்ணெய்ப் பசை மிகுந்த மரமல்லவா? குப்பங்களில் மரப்படகுகள் போய்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன; பழைய படகுப் பலகைகள் சில வீடுகளில் பாத்திரத் தட்டுகளாய் நிற்கின்றன. வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற அந்த நிறத்தை எந்த மருந்தாலும் கொண்டுவர இயலாது.

உம்மாவின் உறவில் ஒருவர் எங்களைப் பள்ளிவாசல் தெருவொன்றிலுள்ள வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அறுபதைக் கடந்த இரு சகோதரர்களின் வீடு. பின்தாழ்வாரம் ஏரியைப் பார்த்திருந்தது. அங்கே நின்றது அலமாரி: ஆறடி உயரம், இரண்டு கதவுகள், கீழே இரண்டு இழுப்பறைகள். பல ஆண்டுகளாக அதில் வலைகளும் மிதவைகளும் கயிறுகளும் வைத்திருந்திருக்கிறார்கள். கிழக்குப் பார்த்த முகப்பு சாம்பல் வெள்ளை, சுவர்ப்பக்கம் பழுப்பு.

என் காக்கா ஆசாரி ஒருவரையும் உடன் அழைத்து வந்திருந்தார். பழைய மரம் வாங்குவோர் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்; அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. அவர் முதலில் காலைத்தான் பார்த்தார். சுனாமியின்போதும் புயல்களின்போதும் உப்புநீர் ஏறிய வீடுகள் இக்கரையில் உண்டு. நீர் நின்ற மரத்தில் அந்த உயரத்திற்கு ஒரு கோடு தங்கிவிடும்; அதற்குக் கீழே ஊசியால் குத்தினால் மெத்தென்று இறங்கும். இங்கு இறங்கவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் துணியை அடியில் விரித்துப் பலகையைத் தட்டினார். மாவுபோல் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். வண்டு விரும்பித் தின்பது வெளிப்புற வெண்மரத்தை. வைரம் பாய்ந்த பகுதியை எளிதில் தொடாது. இழுப்பறை மூட்டுகளில் ஆணி இல்லை. விசிறிபோல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருந்தன. பற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை; கையால் அறுத்தவை. முதுகுப்பலகை ஒன்றே முக்கால் அடி அகலத்தில் ஒரே துண்டு. "இந்த அகலத்துக்கு இப்ப பலகை எங்கே கிடைக்கும்?" என்றார் ஆசாரி. உண்மைதான். பர்மாவிலிருந்து தேக்கை முழுமரமாக ஏற்றுமதி செய்வதை அந்நாடு 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பழைய தூணுக்கும் கதவுக்கும் கிராக்கி இருப்பதில் வியப்பென்ன?

விலை 42,000 ரூபாய் என்று முடிவாயிற்று. முன்பணமும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகே இடக்கதவை முழுவதும் திறந்தேன்.

கதவின் உட்புறம் பழுப்பு நிறத்தில் அப்படியே இருந்தது. அதில் மையால் எழுதிய சில வரிகள். "வாப்பாவின் எழுத்து, ஏதோ ஓதல்" என்றார் பெரியவர். ஓதல் அல்ல. அரபு எழுத்தில் எழுதிய தமிழ். நம் முன்னோர் வழங்கிய அரபுத்தமிழை என் உம்மா எனக்குச் சிறுவயதில் கற்றுக் கொடுத்திருந்தார்கள். தடுமாறித் தடுமாறிப் படித்தேன். பிள்ளைகள் பிறந்த நாட்குறிப்பு அது. ஹிஜ்ரி 1371, 1374, 1378, 1381. நான்கு பெயர்கள். இரண்டு ஆண், இரண்டு பெண்.

அந்த வீட்டில் நாங்கள் பேசியது இரு சகோதரர்களுடன் மட்டுமே. "உங்கள் சகோதரிகள்...?" என்று கேட்டேன். ஒருவர் நாகப்பட்டினத்தில்; மற்றவர் வாணியம்பாடியில். அலமாரி விற்கும் செய்தி இருவருக்கும் தெரியாது. வாப்பாவின் சொத்து இன்றுவரை பிரிக்கப்படவுமில்லை.

இளையவருக்கு முகம் சுருங்கிற்று. "வீட்டுச் சாமானுக்கெல்லாமா பங்கு? கல்யாணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோமே" என்றார். இந்தச் சொல்லை நீங்கள் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறீர்கள்? நான் என் சொந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். என் உம்மாவும் தம் தகப்பனார் வீட்டில் எதையும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. நகையும் சீரும் திருமணச் செலவு, அது அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அல்லாஹ் விதித்த உரிமை. சூரா அன்னிஸாவின் ஏழாம் வசனம், விட்டுச் சென்றது குறைவாக இருந்தாலும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்று தெளிவுபடுத்துகிறது. அப்படியிருக்க, ஓர் அலமாரி எப்படி விலக்காகும்? பிரிக்காத சொத்தில் ஒருவர் தம் பங்கை விற்கலாம். மற்றவர் பங்கை அவர் சம்மதமின்றி விற்க முடியாது. விற்றால் வாங்கியவர் வீட்டில் இருப்பது பிறர் பொருள். அந்த அலமாரியில் நான் குர்ஆனை வைக்க எண்ணியிருந்தேன்.

பெரியவர் நல்ல மனிதர். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அங்கேயே தொலைபேசியை எடுத்தார். கணக்கு எளிது. வாப்பாவின் கடன்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன, தாயாரும் காலமாகிவிட்டார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண் என்றால் மொத்தம் ஆறு பங்கு. ஆண் ஒவ்வொருவருக்கும் 14,000. பெண் ஒவ்வொருவருக்கும் 7,000.

வாணியம்பாடியில் இருக்கும் இளைய சகோதரி உடனே சம்மதித்தார். மருந்துச் செலவுக்கு ஆகும் என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். நாகப்பட்டினத்து மூத்தவர் தம் பங்கையும் தங்கைக்கே கொடுத்துவிடச் சொன்னார். பிறகு, "வாப்பா எழுதின கதவு இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தக் கதவு மட்டும் தமக்கு வேண்டுமாம்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நான் முதலில் பார்த்த கடைக்கு இந்த அலமாரி போயிருந்தால் என்னவாகியிருக்கும்? உட்புறமும் ஒரே நிறமாக வேண்டுமென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மருந்து தடவியிருப்பார்கள். நான்கு பெயர்களும் தூளாய்ப் போயிருக்கும்.

உங்களில் எவரேனும் வீட்டிலேயே மரத்தை வெளுக்க எண்ணினால் சில எச்சரிக்கைகள். இரும்பாணியால் விழுந்த கருங்கறையை நீக்க ஆக்ஸாலிக் அமிலம் போதும். ஆனால் அது நஞ்சு. கையுறை அணிந்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, முடிந்ததும் நீரால் நன்கு கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் எந்த அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு எழும். பழைய பெயின்ட் பூசிய சாமானை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் எவ்வளவு ஈயம் என்பது அதைத் தேய்ப்பவருக்குத் தெரியாது. ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள்.

நாங்கள் எதுவும் தடவவில்லை. ஆசாரி பழைய கதவைக் கழற்றிப் போர்வையில் சுற்றி நாகப்பட்டினத்திற்கு அனுப்பினார். அதன் இடத்தில் பலாப்பலகையால் புதிய கதவொன்றைச் செய்து மாட்டினார். வலக்கதவு வெள்ளி நிறம், இடக்கதவு மஞ்சள். வீட்டிற்கு வருவோர் எல்லாரும் அதைப் பற்றித்தான் முதலில் கேட்கின்றனர். மஞ்சளையும் வெளுக்கச் செய்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, கிழக்குச் சன்னலின் அருகே நகர்த்தி வைத்திருக்கிறோம்.

போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தக் கதவை அவர்கள் தொழும் அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்களாம், எழுத்து வெளியே தெரியும்படி. ஹிஜ்ரி 1378இல் எழுதிய பெயருக்குப் பக்கத்தில் இருப்பது என்ன சொல் என்று பேத்தி கேட்டாளாம். தமக்குப் படிக்க வரவில்லை, உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். 'வெள்ளிக்கிழமை' என்றேன்.