பிளாரன்ஸில் ஒரு தேனிலவு

மேனாட்டில் விவாகம் முடிந்ததும் தம்பதிகள் உற்றார் உறவினரை விட்டு எங்கேனும் போய்ச் சில நாள் தனித்திருந்து வருவது வழக்கம். அதற்குத் தேனிலவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வானத்து நிலவு தேய்வதற்குள் கைப்பணம் தேய்ந்துவிடும். பிறகு ஊர் திரும்பிக் குடித்தனம் தொடங்குவார்கள். ஆனால் தேனிலவாகப் புறப்பட்டுப் போன தேசத்திலேயே பதினான்கு வருஷம் குடியிருந்து, அந்நாட்டாரின் உணவையும் கலையையும் அனுபவித்ததோடு, அவர்களுடைய சுதந்திரக் கவலையையும் தங்கள் கவலையாக்கிக் கொண்ட தம்பதிகளும் உண்டு. ராபர்ட் பிரௌனிங், எலிஸபெத் பாரெட் என்னும் ஆங்கிலக் கவிஞர்களே அவர்கள். அவர்கள் குடியிருந்த நகரம் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ்.

எலிஸபெத் பல வருஷங்கள் நோயாளியாக லண்டனில் தம் அறையை விட்டு வெளிவராமலே காலங்கழித்தவர். தந்தையோ, தம் மக்களில் எவருமே மணம் புரியலாகாது என்று பிடிவாதம் பிடித்தவர். 1846 செப்டம்பர் 12-ந் தேதி மாதாகோவில் ஒன்றில் ரகசியமாக விவாகம் நடந்தது. மணமகளுக்கு வயது நாற்பது; மணமகனுக்கு முப்பத்து நான்கு. கல்யாணம் முடிந்ததும் மணமகள் ஒன்றுமறியாதவர் போல் தகப்பனார் வீட்டுக்கே திரும்பினார். ஒரு வாரம் சென்றபின், ஒரு பணிப்பெண்ணையும் பிளஷ் என்ற தம் செல்ல நாயையும் அழைத்துக்கொண்டு கணவருடன் கப்பலேறினார். தந்தை கடைசிவரை அவரை மன்னிக்கவேயில்லை. மகள் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

முதற் குளிர்காலம் பைசா நகரில் கழிந்தது. புதுமணப் பெண் அங்கே என்ன எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவில் எஜமானனிடமிருந்து தப்பியோடிய அடிமைப் பெண்ணொருத்தியின் துயரத்தைப் பாட்டாக எழுதி முடித்தார். அவருடைய குடும்பத்துச் செல்வமே ஜமெய்க்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையால் வந்தது. அதை அவர் மறக்கவில்லை.

1847 ஏப்ரலில் தம்பதிகள் பிளாரன்ஸ் வந்து சேர்ந்தார்கள். இன்று அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காண விரும்புகிறவர் ஆர்னோ நதியைப் பழைய பாலத்தின் வழியே கடக்கவேண்டும். 1345-ல் கட்டிய பாலம் அது. இரு பக்கமும் தட்டார் கடைகள் நெருங்கியிருப்பதால், நதியின்மேல் நடக்கிறோம் என்பதே நினைவிராது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் சேனை நகரத்தின் மற்றப் பாலங்களையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்து, இதை மட்டும் விட்டுவைத்தது. பாலத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் மலைபோல் பிட்டி அரண்மனை நிற்கும். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில், ஸான் பெலிச்சே என்ற கோவிலுக்கு எதிரே இருப்பதுதான் காஸா குயிடி. அதன் மாடியில் சில அறைகளை அவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். குறுகலான மேல்தளத்தில் நின்றால் கோவிலின் வாத்திய இசை காதில் விழும்.

அங்கே அவர்கள் நடத்திய குடித்தனம் விசித்திரமானது. பக்கத்து உணவு விடுதியிலிருந்து பகற்சாப்பாடு வந்துவிடும். கூடவே அந்தப் பிரதேசத்தின் கியாந்தித் திராட்சை மதுவும் வரும். சொற்பச் செலவில் இப்படி நடப்பதைக் கண்டு எலிஸபெத் அம்மையார் கடிதங்களில் அதிசயப்பட்டிருக்கிறார். பைசாவிலிருந்தபோது இரவில் சுட்ட கஷ்கொட்டையும் திராட்சையும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. மருந்தைத் தவிர வேறொன்றிலும் ருசி காணாதிருந்தவர் உடல் தேறி மலைப்பாதைகளிலும் உலாவத் தொடங்கினார்.

புலால் உண்ணாத நம்மவரும் பிளாரன்ஸில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வெள்ளை மொச்சை, கருங்கீரைக் கோசு, மீந்துபோன ரொட்டி ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய "ரிபொல்லித்தா" என்ற கூழ் அங்கே பிரசித்தம். மறுபடி கொதித்தது என்பது அச்சொல்லின் பொருள். நேற்றைக் குழம்பைச் சுண்டவைத்து உண்ணும் வீட்டாருக்கு அதன் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. அவ்வூர் ரொட்டியில் உப்பே இராது. 1302-ல் பிளாரன்ஸிலிருந்து துரத்தப்பட்ட மகாகவி தாந்தே, அயலாருடைய ரொட்டியின் உப்பைச் சொல்லித்தான் தம் நாடிழந்த துன்பத்தைத் தெரிவித்தார். தந்தையின் வீட்டை இழந்து வந்த எலிஸபெத்துக்கோ அயலாரின் ரொட்டியே இனித்தது.

வயிற்றுக்கு விருந்து இப்படியென்றால் கண்ணுக்கு விருந்து கேட்கவேண்டுமா? பிட்டி அரண்மனைச் சித்திரங்கள் கூப்பிடு தூரத்திலேயே இருந்தன. ஆந்திரேயா தெல் ஸார்தோ என்ற ஓவியரும் அவர் மனைவியும் என்று அக்காலத்தார் நம்பிய படம் ஒன்று அங்கே உண்டு. கையில் குறையற்ற திறமையிருந்தும் மகத்தான சிகரத்தை எட்டமுடியாத கலைஞனின் ஏக்கத்தைப் பிரௌனிங் அதில் கண்டு பாட்டாக்கினார். சந்நியாசியாயிருந்தும் உலக அழகை மறக்கமுடியாத பிலிப்போ லிப்பி என்ற ஓவியரையும் பாடினார். இரண்டும் 1855-ல் வெளியாயின. 1860-ல் ஸான் லொரென்ஸோ சதுக்கத்துப் பழஞ்சாமான் கடையில் ஒரு லிரா கொடுத்து வாங்கிய பழைய வழக்குக் கட்டொன்று, பின்னாளில் அவருடைய பெரிய காவியமாக மாறியது.

ஆனால் நல்ல உணவும் நல்ல சித்திரமும் பணம் படைத்த எந்த யாத்ரிகனுக்கும் கிடைக்கும். இத்தம்பதிகளை மற்றவர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது வேறொன்று.

அக்காலத்து இத்தாலி பல துண்டுகளாகக் கிடந்தது. வடபாகத்தில் ஒரு பகுதி ஆஸ்திரியர் கையில் இருந்தது. பிளாரன்ஸை ஆண்ட லெயோபோல்டு பிரபு ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 1847-ல் அவர் பிரஜைகள் தங்கள் சொந்தக் காவற்படையை அமைத்துக் கொள்ள இசைந்தார். செப்டம்பர் 12-ந் தேதி, தம்பதிகளின் முதலாவது விவாக தினத்தன்று, ஜனங்கள் கொடிகளேந்தி அணியணியாகப் பிட்டி அரண்மனையை நோக்கிச் சென்றார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்த அந்த ஊர்வலத்தை இருவரும் தங்கள் ஜன்னலிலிருந்து கண்டார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1849-ல் பிரபு ஓடிப்போய், ஆஸ்திரியத் துருப்புக்களின் துணையோடு திரும்பி வந்தார். அதே ஜன்னலின் கீழே அந்நியச் சேனை அணிவகுத்துப் போயிற்று. முன்கண்ட நம்பிக்கையையும் பின்கண்ட ஏமாற்றத்தையும் இரண்டு பாகங்களாக எழுதி, 1851-ல் அந்த வீட்டு ஜன்னல்களின் பெயராலேயே அம்மையார் வெளியிட்டார். மறுவருஷம் லண்டன் சென்றிருந்தபோது தேசபக்தர் மாஜினியே அவர்களைக் காண வந்தார். அந்த மாஜினியின் சபதத்தைத்தான் நம் பாரதியார் பின்னாளில் தமிழ்ச் செய்யுளாக்கி நமக்கு அளித்தார்.

1860-ல் அம்மையார் இத்தாலியின் விடுதலையைப் பாடி மற்றொரு நூல் வெளியிட்டதும் ஆங்கிலப் பத்திரிகைகள் சீறி விழுந்தன. பெண்ணுக்கு ராஜீய விவகாரம் எதற்கு என்று கேட்டவர்கள் பலர். அவர் அசையவில்லை. ஆனால் உடல் அசைந்துவிட்டது. முந்திய வருஷம் வில்லாப்ராங்காவில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி ஆஸ்திரியருடன் பாதியிலேயே சமாதானம் செய்து கொண்ட செய்தி கேட்டு அவர் படுத்த படுக்கையானார். அதன்பின் பழைய பலம் திரும்பவேயில்லை. 1861 மார்ச் மாதம் ஐக்கிய இத்தாலி ராஜ்யம் பிரகடனமாயிற்று. அதைக் கேட்டு மகிழ்ந்தவர், ஜூன் 29-ந் தேதி அதே வீட்டில் கணவரின் அணைப்பில் உயிர் நீத்தார்.

சவ அடக்கத்தன்று அந்த வட்டாரத்துக் கடைகளை மூடி ஜனங்கள் துக்கம் காத்ததாக நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிரௌனிங் சில வாரங்களில் மகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அதன்பின் இருபத்தெட்டு வருஷம் உயிரோடிருந்தும் பிளாரன்ஸில் அவர் மறுபடி காலடி வைக்கவில்லை.

காஸா குயிடியின் சுவரில் நகரத்தார் பதித்த கல்லொன்று இருக்கிறது. அந்நிய நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நகரமே அதில் நன்றி செலுத்துகிறது. பிளாரன்ஸின் ரொட்டியையும் மதுவையும் சுவைத்தவர்கள், சித்திரங்களைக் கண்டு களித்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அந்தக் கல் அவர்களுக்காக வைக்கப்பட்டதன்று. உண்ட வீட்டின் துக்கத்தில் பங்கு கொண்டவருக்காக வைக்கப்பட்டது. யாத்திரை போகும் நேயர்கள் பிட்டி அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், சில அடி தள்ளிப் போய் அதையும் பார்த்து வாருங்கள்.