கைப்பிடியில் ஆடிய குஞ்சம்

நம் தமக்கையின் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பெற்ற பிள்ளையைப் போல் சீராட்டுபவன். வெட்டுமேசைக்கடியில் குவிந்து கிடக்கும் துண்டுத் துணிகளிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாய்க் கீற்றுகள் கத்தரித்து, கைப்பிடியின் இரு முனைகளிலும் ஒரு சாண் நீளத்திற்குக் குஞ்சம் கட்டியிருந்தான். வண்டி ஓடும்போது அவை பின்னோக்கிப் பறக்கும். நாமும் அதைக் கண்டு புன்னகைத்தோம் என்பதை மறைப்பானேன்?

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, ஷிப்டு முடிந்து பல்லடம் சாலையில் வந்துகொண்டிருந்தான். முன்னே சென்ற சரக்கு ஆட்டோ சட்டென்று நின்றது. வலக்கையால் பிரேக்கைப் பிடித்தான். மழையில் நனைந்து கனத்த குஞ்சம், பிரேக் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையே சுருண்டு புகுந்திருந்தது. லீவர் பாதியிலேயே நின்றுவிட்டது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். குஞ்சத்தை விலக்க அந்த ஒரு வினாடி ஏது? காலால் பிரேக்கை மிதித்தான். வண்டி சறுக்கிச் சாய்ந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"அழகுக்குத்தானுங்க மாமா கட்டினேன்" என்று மாவுக்கட்டோடு அவன் சொன்னபோது, நமக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது.

தறியில் நெய்த துணி அவ்வளவாக நீளாது. பனியன் துணியோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் தானே சுருளும். உடுப்பவருக்கு அது சுகம். வண்டியில் சிக்கினாலோ எளிதில் அறாமல் நீண்டு, சுற்றிக்கொள்ளும். ஊருக்கே சோறு போடும் துணியின் குணம் இது. அதை நன்கறிந்த கட்டிங் மாஸ்டரே மறந்தார்!

நாட்டியக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பர் 14 அன்று, பிரான்சு நாட்டின் நீஸ் நகரில், கழுத்தில் அணிந்த நீண்ட பட்டுத்துணி திறந்த காரின் பின்சக்கரத்தில் சிக்கி மாண்டார். நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியேனும் மறைக்கும் காப்பு வேண்டும் என்கின்றன. சேலைக்குக் காப்பு உண்டு. கைப்பிடியில் நாமாகத் தொங்கவிடும் துணிக்கு யார் காப்பு?

குஞ்சம் மட்டுமன்று. தளர்ந்த அலங்கார உறை ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்பாமல் வழுக்கும். பண்டிகை மாலை முன்விளக்கை மறைக்கும்.

மருமகனைக் கண்டித்துவிட்டு வெளியே வந்து, நம் ஸ்கூட்டரைப் பார்த்தோம். ஒரு பக்கம் சோற்றுப்பை. கண்ணாடித் தண்டில், வண்டி மந்திரித்த நாளில் மாட்டிய செபமாலை. அதன் சிலுவை ஆக்சிலேட்டரின் மேல் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டி வந்திருக்கிறோம். அவனைக் கண்டிக்க நமக்கு என்ன உரிமை என்று கூசிப்போனோம்.

இப்போது சோற்றுப்பை பின்னிருக்கையில் ரப்பர் கயிற்றால் கட்டப்பட்டு வருகிறது. செபமாலை சட்டைப்பையில் இருக்கிறது. குஞ்சங்களை அவனே ஒரு கையால் அவிழ்த்துவிட்டான். அவன் மகள் அவற்றைத் தன் பொம்மைக்குக் கூந்தலாக்கிக்கொண்டாள்.